தண்ணீரில் எடுத்த சடலம்: மூழ்கித்தான் இறந்தாரா என்பதைப் பிரேத பரிசோதனையில் கண்டறியும் வழி

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் தண்ணீருக்குக் குறைவில்லை. கிழக்கே கடல். ஊர்களை ஊடறுத்து 50 கிலோமீற்றருக்கு மேல் நீளும் வாவி. உன்னிச்சை, நவகிரி, சேனநாயக்க சமுத்திரம் என்று குளங்கள், வயலுக்கு ஓடும் வாய்க்கால்கள், வளவுக்கு வளவு கிணறு. மாரி பிடித்தால் இவற்றுக்கு இடையில் எல்லையே தெரியாது. 2024 நவம்பரில் காரைதீவு, மாவடிப்பள்ளிப் பக்கம் வெள்ளம் உழவு இயந்திரத்தோடு மாணவர்களை இழுத்துப் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே தண்ணீரில் எடுத்த சடலம் இங்குள்ள பிரேத அறைகளுக்குப் புதிதல்ல. பெரும்பாலும் "நீரில் மூழ்கி மரணம்" என்ற முடிவும் சடலத்தோடு சேர்ந்தே வந்துவிடும். அதை அப்படியே வாங்கி அறிக்கையில் போடுவது சுகமான வேலை. ஆனால் உடல் தண்ணீரில் கிடந்தது என்பது மட்டும்தான் அந்த நேரத்தில் நமக்கு உறுதியாகத் தெரியும். மூழ்கி இறந்திருக்கலாம். குளித்துக்கொண்டு நின்றபோது மாரடைப்பு வந்திருக்கலாம். விழும்போது தலை அடிபட்டு, அதனாலேயே உயிர் போயிருக்கலாம். வேறெங்கோ கொன்று கொண்டுவந்து போட்டிருக்கலாம்.

இந்த நான்கையும் பிரித்துக் காட்டும் ஒற்றை அடையாளம் உடலில் கிடையாது. எந்த ஆய்வுகூடத்திலும் கிடையாது. சம்பவ விபரம், வெளித்தோற்றம், உள்ளுறுப்புகள், நஞ்சுப் பரிசோதனை எல்லாவற்றையும் அடுக்கி, மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்த பிறகு மிஞ்சுவதுதான் மூழ்கி இறந்தார் என்ற முடிவு. சட்ட மருத்துவம் படிக்கிறவர்கள், வெளி வைத்தியசாலைகளில் பிரேத பரிசோதனை செய்ய நேரும் வைத்தியர்கள், அறிக்கையை வாசித்துத் தீர்மானிக்க வேண்டிய திடீர் மரண விசாரணை அதிகாரிகள், சட்டத்தரணிகள் ஆகியோரை மனதில் வைத்து அந்த அடுக்கை இங்கே எழுதுகிறேன்.

கத்தி எடுக்க முன்: தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்

1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி மரண விசாரணை நடந்து, பிரேத பரிசோதனைக்கான கட்டளை கைக்கு வரும். அதோடு வரும் பொலிஸ் குறிப்பு இரண்டு வரியில் முடிந்திருந்தால் அது போதாது. சடலத்தை அடையாளம் காட்ட வந்த உறவினரையும், கரைக்கு எடுத்தவரையும் பிடித்து வைத்துப் பேசுங்கள். என் அனுபவத்தில் இந்தப் பேச்சு, சில வேளை நுரையீரலைவிட அதிகம் சொல்லும்.

கடைசியாக உயிரோடு கண்டது எப்போது, எங்கே? சடலம் எடுத்த இடம் எது? இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வாவியில் விழுந்தவர் நீரோட்டத்தில் எங்கோ போய் ஒதுங்குவார். முகத்துவாரம் வெட்டி விட்டிருந்தால் கடலுக்கே போய்விடலாம். நீந்தத் தெரியுமா, வலிப்பு இருந்ததா, மருந்து ஒழுங்காகக் குடித்தாரா, அன்று கசிப்போ சாராயமோ எடுத்தாரா, வீட்டில் ஏதும் பிரச்சினையா? கரையில் செருப்பு, போன், சைக்கிள் எப்படிக் கிடந்தன?

எப்படி எடுத்தார்கள் என்பதையும் கட்டாயம் கேட்க வேண்டும். கொக்கி போட்டு இழுத்தார்களா, வலையில் சிக்கியதா, வள்ளத்து இயந்திரத்தின் விசிறி பட்டதா? பிறகு மேசையில் காணும் பாதிக் காயங்களுக்கு விடை அங்கேதான் இருக்கும்.

டயட்டம் என்ற நுண்பாசியை உடலில் தேடும் பரிசோதனைக்கு வாய்ப்பு இருந்தால், விழுந்ததாகச் சொல்லும் இடத்திலும் எடுத்த இடத்திலும் நீர் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். புதுப் போத்தல் வேண்டும். அன்றைக்கே எடுக்க வேண்டும். மார்கழியில் ஆற்று வெள்ளம் இறங்கி நன்னீராகக் கிடக்கும் வாவி, ஆவணியில் உப்பேறிக் கிடக்கும். அதில் வாழும் நுண்ணுயிர்களும் அதற்கேற்ப மாறும். இரண்டு மாதம் கழித்து எடுத்த தண்ணீரை வைத்து ஒப்பிட்டுப் பயனில்லை.

உடுப்பும் கட்டும்

உடுப்போடு முதலில் படம் எடுங்கள், பிறகு கழற்றுங்கள். பொக்கற்றில் கல், மாத்திரைத் தகடு, கடிதம் இருக்கிறதா பாருங்கள். கை கால் கட்டியிருந்தால் உடனே கொலை என்று துள்ள வேண்டாம். தற்கொலை செய்பவர் தன்னைத் தானே கட்டிக்கொண்டதும் உண்டு. அந்த முடிச்சை ஒருவர் தனியாகப் போட முடியுமா என்பதுதான் கேள்வி. முடிச்சை அவிழ்க்காமல், அதற்கு எட்டத்தில் கயிற்றை வெட்டி, வெட்டிய முனைகளை அடையாளமிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வெளித்தோற்றம்: நனைந்ததற்கு அடையாளம் வேறு, மூழ்கியதற்கு அடையாளம் வேறு

உள்ளங்கையும் பாதமும் வெளிறிச் சுருங்கியிருக்கும், மயிர்க்கூச்செறிந்த மாதிரித் தோல் புள்ளி புள்ளியாக நிற்கும், சேறு ஒட்டியிருக்கும். இவை எல்லாம் உடல் தண்ணீரில் இருந்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. கொன்று போட்ட உடலிலும் இப்படியேதான் இருக்கும். தண்ணீரில் உடல் பெரும்பாலும் முகம் கீழாக, கையும் காலும் தொங்கியபடி மிதக்கும். அதனால் முகத்திலும் கழுத்திலும் கைகால்களிலும் இரத்தம் தேங்கிக் கறுத்திருக்கும். அதைப் பார்த்து அடி என்று சொல்லிவிடக் கூடாது.

வாயிலும் மூக்கிலும் நிற்கும் நுரை இதைவிடப் பெறுமதியானது. மூச்செடுக்கத் தவிக்கும்போது தண்ணீரும் சளியும் காற்றும் சேர்ந்து கடைவதால் வருவது அது. மிக நுண்ணிய குமிழ்கள், வெள்ளை அல்லது இலேசான இளஞ்சிவப்பு, எளிதில் உடையாது. துடைத்துவிட்டு நெஞ்சை அமத்தினால் திரும்ப வரும். புதிய சடலத்தில் இதைக் கண்டால் மூழ்கியதற்கு நல்ல சான்று என்று எடுத்துக்கொள்ளலாம்.

எடுத்துக்கொள்ளலாம், ஆனால் நம் ஊரில் ஒரு முக்கியமான எச்சரிக்கையோடு. வயலுக்கு அடிக்கும் ஓர்கனோபொஸ்பேற் வகைக் கிருமிநாசினியைக் குடித்தவருக்கும் நுரையீரலில் நீர் கோத்து இதே மாதிரி நுரை தள்ளும். மருந்தைக் குடித்துவிட்டு வாய்க்காலில் விழுந்தவரையும், கால் தடுக்கி வாய்க்காலில் விழுந்தவரையும் நுரை பிரித்துக் காட்டாது. வாயருகே மண்ணெண்ணெய் கலந்த மாதிரி நெடி வருகிறதா என்று சடலத்தைக் கழுவ முன்னரே முகர்ந்து பாருங்கள். இதய நோய், தலைக்காயம், வலிப்பு, போதைப்பொருள் ஆகியவற்றிலும் நுரை வரலாம். அழுகத் தொடங்கிய சடலத்தில் வரும் செந்நிறமான, பெரிய குமிழ்த் திரவம் இந்தக் கணக்கில் சேராது.

கைகளை விரித்துப் பாருங்கள். பொத்திய கைக்குள் சல்பீனியா நீர்ச்செடியோ புல்லோ இறுகப் பிடித்தபடி இருந்தால், தண்ணீருக்குள் போகும்போது உயிர் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. அரிதாகத்தான் கிடைக்கும். நகத்துக்குள் வெறும் மணல் இருப்பது அப்படியல்ல, அது இழுபட்டும் வரும்.

கண்ணின் வெள்ளையில் இரத்தப் புள்ளிகள் மூழ்கியவர்களில் வழக்கமாகக் கிடைப்பதில்லை. நிறையக் கண்டால் கழுத்து நெரிப்பை ஒரு தரம் கூடுதலாக நினைத்துக்கொள்ளுங்கள்.

காயங்கள்: குடும்பம் கேட்கும் கேள்வி

பிரேத அறை வாசலில் மாமன் முறையானவர் ஒருவர் நின்று, "டொக்டர், முகத்தப் பாருங்க, காதும் இல்ல, சொண்டும் இல்ல. ஆரோ அடிச்சுத்தான் போட்டிருக்காங்க" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. பார்க்க அப்படித்தான் இருக்கும். கண்ணிமை, உதடு, காது மடல், விரல் நுனி ஆகிய மென்மையான இடங்களை நண்டும் மீனும் முதலில் தின்னும். விளிம்பு சிறு சிறு வளைவாகக் கடிபட்டிருக்கும், சுற்றிலும் கன்றல் இராது. குளத்திலும் வாவியிலும் கபரக்கொய்யா, முதலை கடித்ததும் வரும். இவற்றைக் கிட்டத்தில் படம் எடுத்து, அளந்து எழுதி, "ஐயா, இது செத்த பிறகு நண்டு கடிச்சது, இதில இரத்தக் கண்டலே இல்லை" என்று அவருக்கும் விளக்கிவிடுங்கள். விளக்காமல் விட்டால் ஊரில் வேறு கதை ஓடும்.

நெற்றி, மூக்கு நுனி, கைமொழி, முழங்கால், கால்விரலின் மேற்பக்கம் ஆகியவற்றில் உராய்வு இருந்தால், முகம் கீழாக அடியில் இழுபட்டதைக் காட்டும். கிணற்றில் விழுந்தவருக்குக் கிணற்றுக் கட்டுச் சுவரில் பட்ட காயம், பாலத்திலிருந்து விழுந்தவருக்கு நெஞ்சிலும் விலாவிலும் அடி வரும். இங்கே ஒரு சிக்கல்: உயிரோடு பட்ட காயத்தின் இரத்தத்தையும் தண்ணீர் கழுவிவிடும். இரத்தம் தெரியவில்லை என்பதால் மட்டும் இறந்த பின் பட்டது என்று எழுத வேண்டாம். ஐயமான காயத்தின் விளிம்பை நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு வெட்டி வையுங்கள்.

தண்ணீருக்குள் அமத்திப் பிடித்தவர்கள் அடையாளம் விடாமலே போகலாம். சந்தேகம் இருந்தால் பிடரி, தோள், முதுகு, மேற்கை, கணுக்கால் ஆகியவற்றின் தோலைத் திறந்து உள்ளே கன்றல் தேடுங்கள். வயலோரம், குளத்தோரம் பன்றிக்கும் யானைக்கும் இழுத்த கள்ள மின்கம்பி இருந்ததா என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள். ஈரத்தில் மின்சாரம் தாக்கினால் எரிகாயம் கொஞ்சமும் இல்லாமல் போகக்கூடும். அதைச் சம்பவ இடம்தான் சொல்லும், உடல் சொல்லாது.

அழுகல்

நம் ஊர்ச் சூட்டில் மூழ்கிய உடல் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் வாயு சேர்ந்து மேலே வந்துவிடும். ஆழக் கிணற்றில் சுணங்கும். காற்றில் ஒரு கிழமை, தண்ணீரில் இரண்டு கிழமை, மண்ணில் எட்டுக் கிழமை சமம் என்ற, ஜேர்மன் சட்ட மருத்துவர் காஸ்பரின் பழைய கணக்கு குளிர் நாட்டில் பிறந்தது. அதை வைத்து இங்கே நேரம் சொல்லப் போகாதீர்கள். அழுகல் முற்றினால் நுரையும் போய், நுரையீரலின் வீக்கமும் போய், மூழ்கியதற்கான நல்ல சான்றுகள் எல்லாம் அழிந்துவிடும். கையுறை மாதிரி உரிந்து வரும் தோலை எறியாதீர்கள், அதிலிருந்து கைரேகை எடுக்கலாம்.

திறக்கும் ஒழுங்கு

முடிந்தால் முதலில் எக்ஸ்ரே. அப்புறம் தலை, பிறகு நெஞ்சும் வயிறும், கழுத்து கடைசி. காரணம் இருக்கிறது. தலை தொங்கிக் கிடந்த உடலில் கழுத்து நாளங்கள் இரத்தம் நிறைந்து விம்மியிருக்கும். அந்த நிலையில் கழுத்தை வெட்டினால் இரத்தம் தசைக்குள் கசிந்து, நெரித்த காயம் மாதிரியே ஒன்றை நாமே உண்டாக்கிவிடுவோம். மூளையையும் நெஞ்சுறுப்புகளையும் எடுத்து இரத்தம் வடிந்த பிறகு, கழுத்துத் தசைகளை ஒவ்வொரு அடுக்காக விரித்து, தொண்டை எலும்புகளைப் பாருங்கள். நேரம் போகும், போகட்டும்.

மூளையை எடுத்ததும் மண்டையோட்டின் அடியில் காதெலும்பின் மேல்முகட்டைப் பாருங்கள். நடுக்காதில் இரத்தம் கசிந்திருந்தால் நீலமாகத் தெரியும். ஸ்ஃபீனொய்ட் சைனஸ் என்னும் காற்றறையில் ஊசி போட்டு உறிஞ்சினால் திரவம் வரலாம். அளவை எழுதி வையுங்கள். ஆனால் இரண்டும் மூழ்காதவர்களிலும் காணப்படும். துணைச்சான்று என்பதற்கு மேல் மதிப்பில்லை.

நுரையீரல்

மார்பெலும்பைத் தூக்கும் அந்தக் கணத்தில் நின்று பாருங்கள், படம் எடுங்கள். புதிதாக மூழ்கிய உடலில் இரண்டு நுரையீரலும் ஊதிப் பெருத்து, இதயத்தை மூடி, நடுவில் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கும். சாதாரணமாக மார்பு திறந்ததும் நுரையீரல் சுருங்க வேண்டும். இது சுருங்காது. விலா எலும்பு பதிந்த தடம் மேலே தெரியும். விரலால் அமத்தினால் பிசைந்த மாவு மாதிரிக் குழி விழும். மேற்பரப்பில், குறிப்பாகக் கீழ் மடல்களில், மங்கலான ஓரங்களுள்ள செந்நீலத் திட்டுகள் இருக்கலாம். சிற்றறைகள் கிழிந்து கசிந்த இரத்தம் அது. பால்டௌஃப் புள்ளிகள் என்று பெயர். வெட்டினால் நுரைத்த திரவம் பெருகும். இந்தத் தோற்றத்தையும், மூச்சுக்குழாயில் நுண்ணிய நுரையையும் ஒன்றாகக் கண்டால் மூழ்கியதன் பக்கம் தராசு நன்றாகச் சாயும்.

இரண்டு நுரையீரலும் சேர்ந்து 1000 கிராமுக்கு மேல் நிறுப்பது வழக்கம். ஆனால் சிலரில் பாரமில்லாமலும் இருக்கும். நெஞ்சறையில் தேங்கிய திரவத்தையும் அளந்து எழுதுங்கள். இறந்து நேரம் போகப் போக நுரையீரலில் இருந்த தண்ணீர் நெஞ்சறைக்குள் கசிந்துவிடும், நுரையீரல் இலேசாகிவிடும். நிறையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். ஆஸ்துமாக்காரரின் நுரையீரலும் இப்படி ஊதி நிற்கும், அதில் சிறு குழாய்களைச் சளி கட்டிகட்டியாக அடைத்திருக்கும்.

நன்னீரில் இப்படி, உப்புநீரில் அப்படி என்று பாடநூல்கள் நீட்டும் வேறுபாடுகளை மேசையில் நம்பிச் சொல்ல முடிவதில்லை. 1921 இல் நஞ்சியலாளர் கெட்லர் சொன்ன, இதயத்தின் இடப்பக்க, வலப்பக்க இரத்தத்தில் குளோரைட்டை ஒப்பிடும் பரிசோதனையும் வழக்கொழிந்துபோனது. பரீட்சையில் கேட்டால் எழுதுங்கள், நீதிமன்றத்தில் அதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

மூச்சுக்குழாயைக் கடைசிக் கிளை வரை கத்தரியால் திறந்துகொண்டே போங்கள். மேலே மட்டும் சேறு என்றால் இறந்த பிறகும் புகுந்திருக்கலாம். நுண்கிளைகள் வரை போயிருந்தால், உயிரோடு இழுத்த மூச்சுத்தான் கொண்டுபோயிருக்கும் என்று சொல்வதற்குப் பலம் கூடும். அது என்ன சேறு என்றும் பாருங்கள். வாவிக் கண்டல் காட்டின் கறுத்த நாற்றச் சேறு, கடல் மணல், வயல் வாய்க்காலின் களிமண் எல்லாம் ஒன்றல்ல. கிணற்றில் எடுத்த உடலின் நுரையீரலில் சிப்பித்தூள் கலந்த கடல் மணல் இருந்தால் விசாரணை வேறு பக்கம் திரும்ப வேண்டும்.

மூழ்கியவரைக் காப்பாற்றி, வைத்தியசாலையில் சில நாள் இருந்து இறந்தால் இவை எதுவும் மிஞ்சாது. நிமோனியாவும், ஒட்சிசன் இல்லாமல் கெட்ட மூளையும்தான் இருக்கும். அங்கே நோயாளியின் கோவைதான் சான்று.

வயிறு, நஞ்சு, இதயம்

இரைப்பையில் உள்ளதை ஒரு கண்ணாடிச் சாடியில் ஊற்றி ஒரு மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். மேலே நுரை, நடுவே தண்ணீர், அடியில் சோறு என்று மூன்றாகப் பிரிந்தால் தண்ணீரை விழுங்கியிருக்கிறார். சிறுகுடல் வரை தண்ணீர் போயிருந்தால் இன்னும் நல்லது. சாடியை முகர்ந்து பார்க்கவும் இதுதான் இடம்.

தொடை நாளத்து இரத்தம், சிறுநீர், கண்ணின் உள்திரவம், இரைப்பையில் இருந்தது, ஈரல் ஆகியவற்றை அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்துக்கு அனுப்புங்கள். மதுவுக்கு எடுக்கும் இரத்தத்தில் சோடியம் புளோரைட் சேருங்கள், போமலினைக் கிட்டவும் கொண்டுவர வேண்டாம். அழுகும் உடல் தானே மதுசாரம் உண்டாக்கும். இரத்தத்தில் மட்டும் கண்டு, சிறுநீரிலும் கண்திரவத்திலும் இல்லாவிட்டால் "குடித்திருந்தார்" என்று எழுதி ஒருவரின் பெயரைக் கெடுக்காதீர்கள்.

இதயத்தின் முடியுரு நாளங்களை முழுக்க வெட்டிப் பாருங்கள். நன்றாக நீந்தத் தெரிந்த பொடியன் ஒருவன், நண்பர்கள் பார்த்திருக்கச் சத்தமில்லாமல் தாண்டு போனான் என்றால், இதயத் துடிப்பின் பிறவிக் கோளாறுகளை நினைக்க வேண்டும். நீச்சல்தான் அதைத் தூண்டும் வகைகளும் உண்டு. மேசையில் ஒன்றும் தெரியாது. குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர்கள் இருந்தார்களா என்று கேட்டு, கூடப் பிறந்தவர்களை ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். இங்கே நம் அறிக்கையால் உயிரோடு இருக்கிற ஒருவர் காப்பாற்றப்படலாம்.

ஹெர்மிஸ் கப்பலைப் பார்க்கச் சுழியோடி இறந்தவர் என்றால் அது தனி விஷயம். 1942 ஏப்ரல் 9 இல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய அந்தப் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 50 மீற்றருக்கு மேல் ஆழத்தில் கிடக்கிறது. அழுத்தத்தால் நுரையீரல் கிழிந்து இரத்தத்தில் காற்று ஏறியதா என்று தேடும் முறையே வேறு. உபகரணங்களைக் கழற்றாமல் அனுபவமுள்ள சட்ட வைத்திய அதிகாரியிடம் ஒப்படையுங்கள்.

டயட்டம்

கண்ணுக்குத் தெரியாத, சிலிக்கா ஓடுள்ள பாசி இனம் இது. உயிரோடு தண்ணீரை இழுத்தால் நுரையீரலின் சுவர் கிழிந்து இரத்தத்தில் ஏறி, துடிக்கும் இதயம் அதை எலும்பு மச்சை வரை கொண்டுபோகும் என்பது கொள்கை. தொடை எலும்பைக் கழுவி, புதிய கருவியால் திறந்து மச்சையை எடுத்து, நைத்திரிக் அமிலத்தில் கரைத்து, மிஞ்சும் ஓடுகளை நுண்ணோக்கியில் எண்ணி, நீர் மாதிரியில் உள்ள இனங்களோடு ஒப்பிடுவார்கள்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் டயட்டம் காற்றிலும் உணவிலும் ஆய்வுகூடக் கண்ணாடியிலும் இருக்கிறது. மூழ்காதவர்களிலும் கண்டிருக்கிறார்கள். சில கிணறுகளில் அது மிகக் குறைவு. என் கருத்து: இனங்கள் நன்றாகப் பொருந்தினால், அதுவும் அழுகிய சடலத்தில், அது மதிப்புள்ள துணை. கிடைக்காவிட்டால் மூழ்கவில்லை என்று அர்த்தமில்லை.

விபத்தா, தற்கொலையா, கொலையா

இதை நுரையீரல் சொல்லாது. தானே குதித்தவருக்கும் தள்ளி விழுத்தப்பட்டவருக்கும் ஒரே தண்ணீர்தான் உள்ளே போகும். கட்டு, காயம், நஞ்சு, கரையில் கிடந்த பொருட்கள், வீட்டு நிலவரம் ஆகியவற்றை விசாரணை அதிகாரிக்கும் நீதவானுக்கும் தெளிவாகக் கொடுங்கள். தீர்மானம் அங்கே நடக்கட்டும்.

அறிக்கையும் சடலத்தை ஒப்படைப்பதும்

கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கம் ஜனாஸாவை அன்றே அடக்கக் குடும்பம் காத்திருக்கும். தமிழ் வீடுகளிலும் பொழுதுபட முன் எடுக்க வேண்டும் என்ற அவசரம் இருக்கும். அதற்காக வேலையை விரைவாகத் தொடங்கலாம், மாதிரி எடுப்பதைக் குறைக்கக் கூடாது. புதைத்த பிறகு ஐயம் வந்தால் தோண்டி எடுக்கும் வேதனை அந்தக் குடும்பத்துக்குத்தான்.

வார்த்தைகளைப் பார்த்துப் போடுங்கள். சம்பவம், நுரை, நுரையீரல், நஞ்சு எல்லாம் ஒரே பக்கம் நின்றால் "நீரில் மூழ்கியதால் மரணம்" என்று நேராக எழுதலாம். அழுகிய உடலில், வேறு காரணம் எதுவும் காணாமல், சம்பவ விபரம் மட்டும் பொருந்தினால் "நீரில் மூழ்கியதற்கு இசைவானது, உடல் நிலையால் உறுதிப்படுத்த முடியவில்லை" என்பதே நேர்மை. ஒன்றுமே பொருந்தாவிட்டால் "மரண காரணம் கண்டறியப்படவில்லை" என்று எழுத வெட்கப்படத் தேவையில்லை. நுரையீரலில் தண்ணீர் இல்லையே என்று "உலர் மூழ்கல்" போன்ற பெயர்களுக்குள் ஒளிய வேண்டாம். 2002 இல் அம்ஸ்ரடாமில் கூடிய, நீரில் மூழ்குதல் பற்றிய உலக மாநாட்டுக்குப் பிறகு அந்தச் சொற்களை நிபுணர்கள் கைவிட்டுவிட்டார்கள், சமூக ஊடகங்கள்தான் இன்னும் விடவில்லை.

பகுப்பாய்வு முடிவு வர நாள் எடுக்கும். அதுவரை காரணத்தை "மேலதிக விசாரணையில்" என்று நிறுத்தி வையுங்கள். முடிவு வந்ததும் அதைச் சேர்த்துக் கருத்தை எழுதி, முதல் அறிக்கை போன அதே நீதிமன்றத்துக்கு அதே வழக்கு இலக்கத்தோடு அனுப்புங்கள்.